பின்வாசல் வழியே நுழைந்தவர்கள்

ஜனவரி 26 வந்தால் நமக்குக் குடியரசு நாள். கொடி ஏற்றுவார்கள், மிட்டாய் கொடுப்பார்கள், டெல்லியில் பீரங்கி வண்டிகள் ஊர்வலம் போகும், எங்கள் பேங்க்கும் மூடியிருக்கும். அதே தேதியில் ஆஸ்திரேலியாவிலும் அரசு விடுமுறை. 1788 ஜனவரி 26 அன்று ஆர்தர் பிலிப் என்கிற இங்கிலாந்துக் கப்பற்படை அதிகாரி, 11 கப்பல்களில் கைதிகளையும் சிப்பாய்களையும் கொண்டுவந்து சிட்னித் துறையில் இறங்கிக் கொடி நட்டான். அந்த நாளை அங்கே தேசத்தின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறார்கள். மண்ணுக்குச் சொந்தக்காரர்களோ அதைத் துக்க நாள் என்கிறார்கள், படையெடுப்பு நாள் என்கிறார்கள். இத்தனைக்குப் பிறகும் சாகாமல் இருக்கிறோமே என்கிற பொருளில் பிழைத்த நாள் என்றும் சொல்கிறார்கள்.

ஒரே தேதி, ஒருவனுக்குக் கல்யாணம், இன்னொருவனுக்குக் கருமாதி. இந்த இதழின் தலையங்கம் கருமாதி வீட்டுக்காரர்களைப் பற்றியது.

ஏன் சிட்னி என்று தோழர்கள் கேட்கலாம். நம் மாணவர்களுக்கு அமெரிக்கக் கறுப்பர் போராட்டம் தெரியும், தென்னாப்பிரிக்கா தெரியும். ஆஸ்திரேலியப் பூர்வகுடி என்றால் மட்டும் காடு, வேட்டை, வளைதடி, உடம்பில் வெள்ளைக்கோடு என்று ஒரு காலண்டர் படம் வந்து நிற்கிறது. அவன் நகரத்தில் சங்கம் வைத்தான், பத்திரிகை நடத்தினான், கோர்ட்டுக்குப் போனான், ஆஸ்பத்திரி கட்டினான் என்று சொன்னால் ஆச்சரியப்படுகிறார்கள். ஒடுக்கப்பட்டவன் எங்கே இருக்க வேண்டும் என்று ஆதிக்கம் முடிவு செய்திருக்கிறதோ அங்கேயே அவனை வைத்துப் பார்க்கப் பொதுப்புத்தி பழகியிருக்கிறது. 1948இல் அரசியல் நிர்ணய சபையில் கிராமத்தைப் புகழ்ந்தவர்களை அம்பேத்கர் ஏன் அத்தனை கடுமையாக எதிர்த்தார் என்பது, நகரத்துக்கு ஓடிவந்த ஒவ்வொரு சேரிக்காரனுக்கும் தெரியும். சிட்னிக்கு வந்த பூர்வகுடிக்கும் அது தெரிந்திருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிட்னிக்கு அவர்கள் 'வந்தார்கள்' என்பதே பாதி உண்மைதான். அந்த நகரம் நிற்பது கடிகல் மக்களின் மண்ணில். கப்பல் வந்த அடுத்த வருடமே, 1789இல், பெரியம்மை அவர்களை வாரிக்கொண்டு போனது. பெமுல்வுய் என்கிற பிட்ஜிகல் வீரன் 1790இலிருந்து பன்னிரண்டு ஆண்டுகள் குடியேற்றக்காரர்களைத் தாக்கிக்கொண்டே இருந்தான். 1802இல் அவனைச் சுட்டுக் கொன்று, தலையை வெட்டி, சாராயத்தில் ஊறவைத்து இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். சிட்னியின் போராட்ட வரலாறு எங்கே தொடங்குகிறது என்று கேட்டால் அங்கேதான் தொடங்குகிறது.

அதற்குப் பிறகு வந்தது துப்பாக்கியைவிட ஆபத்தான ஆயுதம்: ஃபைல். 1883இல் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 'பூர்வகுடிகள் பாதுகாப்பு வாரியம்' அமைத்தார்கள். 1909இல் அதற்குச் சட்டம் வந்தது. 1915இல் சட்டத்தைத் திருத்தி, கோர்ட்டுக்குப் போகாமலே தாயிடமிருந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போகும் அதிகாரத்தை வாரியத்துக்குக் கொடுத்தார்கள். எங்கே குடியிருப்பது, யாரோடு சேர்வது, கூலியை யார் கையில் வாங்குவது, எல்லாவற்றையும் மேலே இருக்கும் ஒரு அதிகாரி எழுதுவான். பெயர் பாதுகாப்பு. நம்மைப் 'பாதுகாக்கிறவர்களிடம்' நாம் பட்டதும் கொஞ்சமா?

இந்த வாரியத்தை எதிர்த்துத்தான் நகரத்தின் முதல் அரசியல் இயக்கம் பிறந்தது. 1924இல் ஃபிரெட் மேனார்ட் என்கிற துறைமுகத் தொழிலாளி சிட்னியில் 'ஆஸ்திரேலியப் பூர்வகுடிகள் முன்னேற்றச் சங்கம்' தொடங்கினார். துறைமுகத்துக்கு வந்துபோன கறுப்பு மாலுமிகள் வழியாக மார்கஸ் கார்வியின் எழுத்து அவர் கைக்கு வந்திருந்தது. 1925இல் சர்ரி ஹில்ஸ் பகுதியில் மாநாடு கூட்டினார்கள். 200 பேருக்கு மேல் வந்தார்கள். கேட்டது மூன்று: ஒவ்வொரு குடும்பத்துக்கும் நிலம், பிள்ளைகளைப் பிடுங்குவதை நிறுத்து, வாரியத்தைக் கலை. போலீசும் வாரியமும் சேர்ந்து நெருக்கியதில் அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் சங்கம் அடங்கிப்போனது. ஆனால் கோரிக்கை அடங்கவில்லை. நூறு வருடமாகச் சிட்னி தெருக்களில் கேட்பது இந்த மூன்றைத்தான்: நிலம், பிள்ளைகள், எங்கள் தலைவிதியை நாங்களே எழுதும் உரிமை.

1938 ஜனவரி 26. வெள்ளைக்காரன் வந்து இறங்கி 150 வருடம். விழா ஏற்பாடு செய்தார்கள். பிலிப் கரையிறங்கிய காட்சியை நாடகமாகப் போட வேண்டும், அதில் பயந்து ஓடுவதற்குக் 'கறுப்பர்கள்' வேண்டும். சிட்னியில் இருந்த பூர்வகுடிகள் மாட்டேன் என்றுவிட்டார்கள். அதனால் தூரத்து மெனிண்டி முகாமிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து, ரெட்ஃபெர்ன் போலீஸ் கொட்டடியில் அடைத்துவைத்து, விழா அன்று வெளியே விட்டு ஓடச்சொன்னார்கள். ஓட மறுத்தால் ரேஷன் நிற்கும். வரலாற்றை யார் எழுதுகிறார்கள் என்று மேடையில் அடிக்கடி பேசுகிறோமே, வரலாற்றை எப்படி நடிக்கவைக்கிறார்கள் என்பதற்கு இது போதும்.

அதே நாள், எலிசபெத் தெருவில் ஆஸ்திரேலியன் ஹால் என்கிற அரங்கத்தில் சுமார் நூறு பேர் கூடினார்கள். ஆடு மயிர் கத்தரிக்கும் தொழிலாளியாக இருந்து தொழிற்சங்கத்தில் வளர்ந்த வில்லியம் ஃபெர்குசன், ஜாக் பேட்டன், பேர்ல் கிப்ஸ் என்கிற பெண்மணி, மெல்போர்னிலிருந்து வயதான வில்லியம் கூப்பர். கூட்டத்துக்குத் துக்க நாள் என்று பெயர் வைத்திருந்தார்கள். பூர்வகுடிகள் மட்டுமே உள்ளே வரலாம் என்பது அவர்களே போட்ட விதி. எங்களுக்காகப் பேச எங்களுக்குத் தெரியும் என்பது அதன் அர்த்தம். ஆனால் அரங்கத்தின் முன்வாசல் வழியாக அவர்களை விடவில்லை. பின்வாசல் வழியாகத்தான் போனார்கள்.

பின்வாசல் வழியே போனார்கள், ஆனால் உள்ளே போய் முழுக் குடியுரிமை கேட்டார்கள். ஐந்து நாள் கழித்துப் பிரதமர் ஜோசப் லயன்ஸைப் பார்த்துப் பத்து அம்சக் கோரிக்கையைக் கையில் கொடுத்தார்கள். அந்த வருடமே பேட்டன் ஒரு பத்திரிகை நடத்தினார், 'அபோ கால்'. வெள்ளைக்காரர்கள் இளக்காரமாகச் சுருக்கிக் கூப்பிட்ட சொல் தலைப்பிலேயே இருந்தது. ஆறு இதழோடு நின்றது. 1893இல் சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் தன் பத்திரிகைக்குப் 'பறையன்' என்று பெயர் வைத்தது ஞாபகம் வருகிறதா? வசவை எடுத்து முகப்பில் அச்சடிக்கிற துணிச்சல் எந்த நாட்டிலும் கீழேயிருந்துதான் வந்திருக்கிறது. சிறுபத்திரிகை ஆறு இதழில் நின்றுபோவதும் எல்லா நாட்டிலும் நடக்கிறதுதான் போல.

இங்கே மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. 1965 பிப்ரவரியில் சிட்னிப் பல்கலைக்கழகத்திலிருந்து சுமார் முப்பது மாணவர்கள் ஒரு பஸ் ஏறினார்கள். தலைமை தாங்கியவர் சார்லஸ் பெர்கின்ஸ், பூர்வகுடி மாணவர். பஸ் போனது மாநிலத்தின் உள்நாட்டுச் சின்ன ஊர்களுக்கு. வால்கெட்டில், பழைய படைவீரர்கள் கிளப் பூர்வகுடிப் படைவீரர்களைச் சேர்த்துக்கொள்வதில்லை. நாட்டுக்காகச் சண்டை போடலாம், கிளப்பில் உட்கார்ந்து பீர் குடிக்கக்கூடாது. மோரியில், ஊராட்சி நீச்சல் குளத்தில் பூர்வகுடிப் பிள்ளைகள் இறங்கக்கூடாது. எழுதிவைத்த விதியாகவே அது இருந்தது. மாணவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு குளத்து வாசலில் நின்றார்கள். வெள்ளைக் கும்பல் கூடியது. முட்டை பறந்தது, தக்காளி பறந்தது, அடி விழுந்தது. தொலைக்காட்சியும் பத்திரிகைகளும் அதைக் காட்டின. தங்கள் நாட்டில் இப்படியெல்லாம் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்த நகரத்து வெள்ளைக்காரர்கள் முகத்தில் அது அறைந்தது.

1927 மகத் குளத்துக்கும் 1965 மோரி குளத்துக்கும் இடையில் 38 வருடம், ஒரு பெருங்கடல். தண்ணீர் ஒன்றுதான். தொட்டால் தீட்டு என்பதற்குச் சாத்திரம் வேண்டியதில்லை, முனிசிபல் தீர்மானமே போதும் என்று மோரி நமக்குச் சொல்கிறது. மாணவர்கள் வேறு ஒன்றையும் சொல்கிறார்கள். அவர்கள் ஆய்வுக்குப் போகவில்லை, சர்வே பண்ணிவிட்டுத் திரும்பவில்லை. குளத்து வாசலில் நின்றார்கள்.

1967 மே 27இல் அரசியல் சட்டத்தைத் திருத்த வாக்கெடுப்பு நடந்தது. பூர்வகுடிகளுக்காகச் சட்டம் செய்யும் அதிகாரம் மத்திய அரசுக்கும் வந்தது, மக்கள்தொகைக் கணக்கில் அவர்களையும் சேர்ப்பது என்றானது. 90 சதவீதத்துக்கு மேல் ஆதரவு. சிட்னியில் அதற்காக அலைந்து திரிந்தவர்களில் ஃபெய்த் பாண்ட்லர் முக்கியமானவர். நாடே ஆம் என்று சொல்லிவிட்டது, இனி என்ன குறை? குறை ரெட்ஃபெர்னில் இருந்தது.

ரெட்ஃபெர்ன், சிட்னி நடுவிலேயே, சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு அடுத்த ஸ்டேஷன். ரயில்வே பட்டறையும் தொழிற்சாலைகளும் இருந்த இடம். முகாம்களிலிருந்து வேலை தேடி வந்தவர்கள் அங்கே நெருக்கியடித்துக் குடியிருந்தார்கள். தங்களைக் கூரி என்று சொல்லிக்கொண்டார்கள். வெள்ளி, சனி இரவில் அவர்கள் கூடும் எம்ப்ரெஸ் ஹோட்டல் வாசலில் போலீஸ் வேன் வந்து நிற்கும். வெளியே வருகிறவர்களை அள்ளிப்போடும். மூன்று குற்றச்சாட்டு ஒன்றாக விழும்: கெட்ட வார்த்தை பேசினான், கைது செய்யும்போது எதிர்த்தான், போலீஸ்காரரை அடித்தான். நம்ம ஸ்டேஷன்களில் எழுதுகிற எஃப்.ஐ.ஆர். படித்தவர்களுக்கு இந்த நடை பழக்கமானதுதான்.

பால் கோ, கேரி வில்லியம்ஸ், கேரி ஃபோலி, பில்லி கிரெய்கி என்று இருபது வயதுப் பசங்க சிலர் என்ன செய்தார்கள் தெரியுமா? ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த வேன், எத்தனை மணி, எந்த நம்பர் போலீஸ்காரன், யாரைப் பிடித்தான், எப்படி அடித்தான் என்று எழுதினார்கள். ஓக்லண்டில் கருஞ்சிறுத்தைகள் போலீசைக் கண்காணித்த முறையைப் படித்துத் தங்கள் தெருவுக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொண்டார்கள்.

நான் குமாஸ்தா. கவிதை எழுதுவது ராத்திரியில், பகலில் எழுதுவதெல்லாம் அடுத்தவர் கணக்கு. கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து இந்த வருடங்களில் தெரிந்துகொண்டது ஒன்று: எழுத்தில் இருப்பதுதான் நடந்தது, எழுத்தில் இல்லாதது நடக்கவே இல்லை. கடன் கேட்டுக் காலனியிலிருந்து வரும் ஒரு அம்மா மூன்று முறை வந்து போனது எங்கேயும் பதிவாகாது. 'ஆவணம் முழுமையில்லை' என்கிற ஒரு வரி மட்டும் பதிவாகும். அதனால்தான் ரெட்ஃபெர்ன் நோட்டுப் புத்தகம் எனக்குத் துப்பாக்கியைவிடப் பெரிதாகத் தெரிகிறது. வாரியம் அவர்களை ஃபைலில் எழுதியது. இவர்கள் திரும்பி நின்று அரசை எழுதினார்கள்.

அந்த நோட்டுகளை வைத்து ஹால் வூட்டன் என்கிற சட்டப் பேராசிரியரிடம் போனார்கள். 1970இல் ரெட்ஃபெர்னில் ஒரு கடையறையில் பூர்வகுடிகள் சட்ட உதவி மையம் திறந்தது. இலவசம். வக்கீல்கள் முறைபோட்டு வந்தார்கள். அந்த நாட்டில் அந்த மாதிரி முதல் மையம் அதுதான். 1971இல் பூர்வகுடிகள் மருத்துவ மையம். கண் டாக்டர் ஃபிரெட் ஹாலோஸ் உதவினார், ஷெர்ல் அம்மா முன்னால் நின்றார். ஷெர்லி ஸ்மித் என்கிற அந்த அம்மாவுக்குப் பள்ளிப்படிப்பு கிடையாது. சிறைகளுக்குப் போய்ப் பிடிபட்ட பிள்ளைகளைப் பார்ப்பார். இவன் உனக்கு என்ன உறவு என்று வார்டன் கேட்டால் நான் அவன் அம்மா என்பார். எல்லாப் பிள்ளைக்கும் அதே பதில். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. 1972இல் கறுப்பர் நாடக அரங்கமும் வந்தது. இன்றைக்கு ஆஸ்திரேலியா முழுக்க பூர்வகுடிச் சமூகங்களே நடத்தும் மருத்துவ அமைப்புகள் 140க்கு மேல் இருக்கின்றன. விதை ரெட்ஃபெர்ன் கடையறை.

1972 ஜனவரி 26ஐ ஒட்டிப் பிரதமர் மக்மேன் அறிவித்தார்: நிலவுரிமை கிடையாது, வேண்டுமானால் குத்தகை. அன்று ராத்திரியே சிட்னியிலிருந்து நான்கு இளைஞர்கள் கம்யூனிஸ்ட் கட்சிப் பத்திரிகையின் புகைப்படக்காரர் ஒருவர் காரில் கான்பெராவுக்குப் போனார்கள். நாடாளுமன்றத்தின் எதிரே புல்வெளியில் கடற்கரைக் குடை ஒன்றை நட்டு உட்கார்ந்தார்கள். சொந்த மண்ணிலேயே எங்களை அந்நியர் ஆக்கிவிட்டீர்கள், அந்நியருக்கெல்லாம் இங்கே தூதரகம் இருக்கிறது, எங்களுக்கும் ஒன்று இருக்கட்டும் என்று அதற்குத் தூதரகம் என்றே பெயர் வைத்தார்கள். புல்வெளியில் கூடாரம் போடக்கூடாது என்று சட்டமே இல்லை. அரசாங்கம் ஆறு மாதம் முழித்துவிட்டு, சட்டத்தைத் திருத்தி, ஜூலையில் போலீசை விட்டுப் பிய்த்தெறிந்தது. திரும்பக் கட்டினார்கள். திரும்பப் பிய்த்தார்கள். அந்த டிசம்பரில் மக்மேன் ஆட்சி போனது. கூடாரத் தூதரகம் இன்றும் அங்கே இருக்கிறது.

அதே 1972இல் பம்பாய்ச் சேரிகளில் நாம்தேவ் தசாலும் ஜே.வி.பவாரும் தோழர்களும் தலித் சிறுத்தைகளைத் தொடங்கினார்கள். ஆகஸ்ட் 15ஐக் கறுப்புச் சுதந்திர நாள் என்றார்கள். ரெட்ஃபெர்னும் பம்பாயும் ஒரே ஓக்லண்ட் நெருப்பில் பீடி பற்றவைத்தவை. இரண்டுமே தேசத்தின் பண்டிகை நாளைத்தான் பிடித்து உலுக்கின.

இனிமேல் சொல்லப்போவது கசப்பானது. தலையங்கத்தில் வெற்றியை மட்டும் எழுதினால் அது கட்சி நோட்டீஸ்.

1973இல் விட்லம் அரசின் மானியத்தோடு ரெட்ஃபெர்ன் எவ்லி தெருவை ஒட்டிய வீடுகளைப் பூர்வகுடிகள் வீட்டுவசதிக் கம்பெனி வாங்கத் தொடங்கியது. முன்னால் நின்ற பாப் பெல்லியர் பிறகு, 1996இல், அந்த நாட்டின் முதல் பூர்வகுடி நீதிபதி ஆனார். கட்டடத் தொழிலாளர் சங்கம் துணைக்கு வந்தது. 'தி பிளாக்' என்று பெயர் பெற்ற அந்த இடம் கூரி மக்களின் தலைநகரம் மாதிரி ஆனது. 1988 ஜனவரி 26இல், 200ஆம் ஆண்டு விழாவின்போது, நாடெங்கிலுமிருந்து வந்த 40,000 பேருக்கு மேல் ரெட்ஃபெர்னிலிருந்துதான் ஊர்வலம் கிளம்பினார்கள். லாக்கப் சாவுகளை விசாரித்த ராயல் கமிஷன் 1991இல் 99 சாவுகளை ஆராய்ந்து 339 பரிந்துரைகள் தந்தது. அடுத்த வருடம் பிரதமர் கீட்டிங் ரெட்ஃபெர்ன் பூங்காவுக்கே வந்து, நிலத்தைப் பிடுங்கியதும் கொன்றதும் பிள்ளைகளை எடுத்ததும் நாங்கள்தான் என்று ஒத்துக்கொண்டார். 2004 பிப்ரவரியில் சைக்கிளில் போன 17 வயதுப் பையன் வேலிக் கம்பியில் குத்திச் செத்தான். போலீஸ் துரத்தியதால்தான் என்றது குடும்பம், இல்லை என்றது விசாரணை. அன்று இரவு ரெட்ஃபெர்ன் எரிந்தது. அந்தப் பரிந்துரைகள் வந்த பிறகு காவலில் செத்த பூர்வகுடிகள் 500ஐத் தாண்டிவிட்டார்கள்.

இதற்கிடையில் நகரம் பெருத்தது. ரெட்ஃபெர்ன் மனை விலை வானத்துக்குப் போனது. போதைப்பொருளும் பாழடைந்த வீடுகளும் காரணம் என்று தி பிளாக் வீடுகளை இடித்தார்கள். இடித்தது அந்த மக்களின் சொந்தக் கம்பெனி. திரும்பக் கட்டுவதற்கு முதலில் வணிகக் கட்டடம், அதன் வருமானத்தில் பிறகு வீடு என்று திட்டம் வந்தது. வருமானம் இல்லாத வீட்டுக்கு பேங்க் கடன் தராது என்றார்கள். பேங்க்காரன் என்பதால் சொல்கிறேன், அந்தக் கணக்கு பொய்யில்லை. எந்த பேங்க்கும் அப்படித்தான் கணக்குப் போடும்.

2014 மே மாதம் ஜென்னி மன்ரோ என்கிற விராஜூரி இனத்து மூத்த பெண் அந்தக் காலிமனையில் கூடாரம் போட்டார். முதலில் எங்கள் ஜனங்களுக்கு வீடு, கடை அப்புறம் என்றார். எதிரே நின்றது வெள்ளை அரசாங்கம் இல்லை, 1973இன் பிள்ளையான கம்பெனி. ஒரு வருடத்துக்கு மேல் உட்கார்ந்தார். வெளியேறச் சொல்லி 2015 ஆகஸ்டில் கோர்ட் உத்தரவு வந்தது. ஆனால் அரசு 50 லட்சம் டாலர் தருவதாகச் சொல்ல, 62 வீடுகள் உறுதியாயின. இன்று அங்கே வீடுகளும் இருக்கின்றன, பக்கத்தில் மாணவர் விடுதியாக 24 மாடிக் கட்டடமும் நிற்கிறது. கூடாரம் இல்லாமல் இருந்திருந்தால் அந்த வீடுகளும் எப்போது வந்திருக்கும்?

தோழர்களே, நான் இந்தக் கதையை எழுதியதே இந்த இடத்துக்கு வரத்தான். இயக்கம் நிறுவனம் கட்டியாக வேண்டும். கடையறை வேண்டும், நோட்டு வேண்டும், டாக்டர் வேண்டும், சொந்தமாக நாலு மனை வேண்டும். வெறும் கோஷத்தில் யாருக்கும் காய்ச்சல் இறங்காது. ஆனால் நிறுவனம் கட்டிய மறுநாளே அதற்கு ஒரு லெட்ஜர் வருகிறது, லெட்ஜருக்கு ஒரு நியாயம் வருகிறது. அந்த நியாயம் பேச ஆரம்பிக்கும்போது எதிரே ஒரு கிழவி கூடாரம் போட்டு உட்கார இடம் இருக்க வேண்டும். நம் அறக்கட்டளைகளில், விடுதிகளில், சங்கங்களில், கட்சிகளில் அந்த இடம் இருக்கிறதா? கேள்வி கேட்கிறவரைத் துரோகி என்று சொல்லாமல் எத்தனை நிமிடம் நம்மால் உட்கார முடிகிறது?

அவர்களும் நாமும் ஒன்றே என்று சொல்லி முடிப்பது சுலபம். அது சரியில்லை. அவர்கள் கேட்பது பறிபோன இறையாண்மை, ஒருபோதும் எழுதிக்கொடுக்காத மண். நம்மை ஒடுக்குகிறவன் கப்பலில் வரவில்லை, அடுத்த தெருவிலேயே இருக்கிறான், நம் மொழியே பேசுகிறான். நாட்டைச் சாராமல் நட்பு கொள்ளலாம், வித்தியாசத்தை அழிக்காமல் கற்றுக்கொள்ளலாம். சிட்னியில் இன்று நம் ஊர்த் தமிழரும் ஈழத்தமிழரும் ஏராளமாக வாழ்கிறார்கள். யாருடைய மண்ணில் வீடு கட்டியிருக்கிறோம் என்று அவர்களும் ஜனவரி 26 அன்று ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

2023 அக்டோபர் 14இல், நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு பூர்வகுடிக் குரல் அமைப்பு வேண்டுமா என்று நாட்டைக் கேட்டார்கள். நூற்றுக்கு 60 பேர் வேண்டாம் என்றார்கள். ஆறு மாநிலமும் வேண்டாம் என்றது. 1967இல் 'உன்னையும் எண்ணிக்கொள்கிறோம்' என்று சொன்ன நாடு, 'நீ பேசாதே' என்று சொன்னது. எண்ணிக்கையில் சேர்ப்பதற்கும் பேசவிடுவதற்கும் இடையிலுள்ள தூரம் எவ்வளவு என்று தனித்தொகுதி வரலாறு தெரிந்த நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதற்கு அடுத்த ஜனவரி 26இலும் சிட்னித் தெருக்களில் ஆயிரக்கணக்கானவர்கள் ஊர்வலம் போனார்கள். நூறு வருடத்துக்கு முன் மேனார்ட் கேட்ட அதே மூன்றைக் கேட்டுக்கொண்டு போனார்கள். தோற்ற அடுத்த மாதமே கடையைக் கட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். 1938இல் பின்வாசல் வழியே நுழைந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நடுத்தெருவில் நடக்கிறார்கள். வாசல் யாரும் திறந்துவிட்டதில்லை.